ஓதம், உப்பு, மாத்திரை: 'மக்கள் பங்கேற்பு' என்னும் சொல்லாடல் குறித்து

'புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்' என்றொரு தொகுப்புப் பெயர் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் புழக்கத்துக்கு வந்தது. யானைக்கால், தொழுநோய், கருங்காய்ச்சல், குடற்புழு, வெறிநாய்க்கடி, பாம்புக்கடி என இருபதுக்குச் சற்றே கூடுதலானவற்றை உலக சுகாதார நிறுவனம் இந்தப் பெயரின்கீழ் அடுக்கி வைத்திருக்கிறது. இதில் 'படு' என்னும் துணைவினை செய்கிற வேலையை நாம் கவனிக்க வேண்டும். புறக்கணிக்கப்பட்டது, சரி. புறக்கணித்தது யார்? வாக்கியம் வாய் திறப்பதில்லை. மழை பொய்த்துப் போனது மாதிரி, புறக்கணிப்பும் தானாக நடந்துவிட்ட ஒன்றாகிவிடுகிறது.

இந்தப் பெயரோடு எப்போதும் சேர்ந்தே வருகிற இன்னொரு சொல் 'மக்கள் பங்கேற்பு'. அங்கே எழுவாயைக் காணோம். இங்கே எழுவாய் மட்டும் கொட்டை எழுத்தில் நிற்கிறது: மக்கள். எதில் பங்கு, யார் போட்ட பந்தியில், எந்த வரிசையில் உட்கார்ந்து என்பதெல்லாம் சொல்லப்படுவதில்லை. 1978இல் அல்மா ஆட்டாவில் கூடிய நாடுகள், தங்கள் உடல்நலத்தைத் திட்டமிடுவதிலும் நிறைவேற்றுவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று அறிவித்தன. திட்டமிடுவது முதலில், நிறைவேற்றுவது அதற்கடுத்து. பிற்பாடு வந்த திட்டங்களின் மொழியை வாசித்துப் பாருங்கள். உரிமை கழன்று கடமை எஞ்சுகிறது. திட்டமிடல் உதிர்ந்து 'ஒத்துழைப்பு' எஞ்சுகிறது. யானைக்கால் ஒழிப்பில் இந்தச் சுருக்கம் அதன் கடைசி எல்லைவரை போனது: பங்கேற்பு என்றால் மாத்திரையை முழுங்குவது.

இதை நான் மரக்காணத்து உப்பளத்தில் நின்றுகொண்டு வாசிக்க விரும்புகிறேன். காரணம் கோட்பாடு அல்ல. என் பெரியம்மாவின் இடது கால்.

சென்னையிலிருந்து இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் முடிகிற இடம் மரக்காணம். கழுவெளி கடலைத் தொடுவதும் இந்தப் பக்கத்தில்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரிக்குப் போகிறவர்கள் பேருந்து ஜன்னல் வழியாக வெள்ளைக் குவியல்களைப் பார்த்திருப்பார்கள், போட்டோவும் எடுத்திருப்பார்கள். அந்த வெள்ளைக்கு அடியில் இருப்பது காலால் செய்யப்பட்ட தரை. பருவத்தின் தொடக்கத்தில் பாத்தியின் களிமண்ணை மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். இறுகாத தரையில் வாரினால் உப்போடு சேறு வரும். பிறகு மாதக்கணக்கில் உப்புநீரில் நின்று பலகையால் வாருவது, தலையில் சுமந்து கரையேற்றுவது. தச்சனுக்கு உளி மாதிரி அளத்துக்காரருக்குக் கால். பெரியம்மா முப்பது வருஷம் மிதித்தது அந்தக் காலை வைத்துக்கொண்டுதான். மாதத்தில் ஒரு தடவையாவது நெறி கட்டும், உடம்பு உதறும், இரண்டு மூன்று நாள் பாயில் கிடக்கும். ஒவ்வொரு ஜுரத்துக்கும் பிறகு கால் கொஞ்சம் கூடுதலாகப் பருத்திருக்கும். "அமாவாசைக்கு வந்துடும் பாரு" என்று அதுவே நாள் குறித்துச் சொல்லும்.

இந்த அமாவாசை-பௌர்ணமிக் கணக்கை மருத்துவர்கள் சிரித்து ஒதுக்குவார்கள். நானும் ஒரு காலத்தில் பகுத்தறிவின் பேரில் சிரித்தவன்தான். ஆனால் தமிழில் 'ஓதம்' என்றொரு சொல் இருக்கிறது. கடல், அலை, கடற்பெருக்கு, நிலத்தில் ஊறும் ஈரம் எல்லாம் ஓதம். ஆணின் விரையில் நீர் கோத்து வீங்குவதும் ஓதம்தான். யானைக்காலுக்கு 'ஓதக்கால்' என்ற பெயரும் அகராதிகளில் உண்டு. 'யானைக்கால்' என்பது வெளியே நின்று பார்க்கிறவன் வைத்த பெயர், அது வடிவத்தை மட்டும் சொல்கிறது. 'ஓதக்கால்' என்று வைத்தவர்கள் உடலுக்குள் ஏறி இறங்கும் ஒரு நீரைப் பற்றிப் பேசுகிறார்கள். நிணநீர் வடிகால் அடைபட்டுத் தேங்குவதால் வருகிற வீக்கத்துக்கு இது அப்படியொன்றும் மோசமான விளக்கமல்ல. சந்திரனுக்கும் ஜுரத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் வாதாட வரவில்லை. தங்கள் உடலைப் பற்றி ஒரு கருத்தாக்கம் வைத்திருப்பவர்களைக் கருத்தே இல்லாத வெற்றுப் பாத்திரங்களாகப் பாவித்துக்கொண்டுதான் 'விழிப்புணர்வு' ஊற்றப்படுகிறது என்கிறேன். எந்த நாளில் வலிக்கிறது, என்ன வேலை செய்த மறுநாள் நெறி கட்டுகிறது என்று பெரியம்மாவிடம் ஒரு தடவை கேட்டிருந்தால், காலில் உப்பறுத்த வெடிப்புகளைப் பற்றிச் சொல்லியிருக்கும். அந்த வெடிப்புகள் வழியாகக் கிருமி நுழைவதுதான் இந்த ஜுரங்களுக்குப் பெரும்பாலும் காரணம் என்று மருத்துவமும் சொல்கிறது.

அளத்தில்தான் கொசு, அளத்தில்தான் நோய் என்ற பேச்சும் ஊருக்குள் உண்டு. இது அளத்துக்காரரை இன்னொரு படி கீழே இறக்குகிற பேச்சு. நம் பக்கத்து யானைக்காலைப் பரப்புகிற க்யூலக்ஸ் கொசு உப்புநீர்க் கொசு அல்ல. அது சாக்கடையிலும், மூடாத கழிவுக்குழியிலும், பாழ்கிணற்றிலும் பெருகுவது. அதாவது நகரமயமாதலின் கொசு, வடிகால் இல்லாமல் வீடுகளை அடுக்கிய நிர்வாகத்தின் கொசு. கடித்தது அளத்தில் அல்ல, தெருவில்.

வரலாற்றுக்குக் கொஞ்சம் போகலாம். யானைக்கால் புழுவுக்கு எதிரான மருந்தை, டி.இ.சி. என்று சுருக்கிச் சொல்லப்படுவதை, 1947இல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகம் வெளிப்படுத்தியது. அந்த ஆய்வுக்குத் தலைமையேற்றவர் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். மறு வருஷமே இறந்துபோனார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன ஆயிரக்கணக்கான அமெரிக்கச் சிப்பாய்களுக்கு இந்த நோய் தொற்றியது அந்தக் காலத்து ஆராய்ச்சிக்கு ஒரு பெரும் உந்துதல். சோழமண்டலக் கரையிலும் கொச்சிப் பக்கத்திலும் நூற்றாண்டுகளாக வீங்கிக் கிடந்த கால்கள் தராத அவசரத்தைச் சிப்பாய்களின் கால்கள் தந்தன. 'புறக்கணிக்கப்பட்ட' என்பதில் மறைந்திருக்கும் எழுவாயைத் தேடுகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

இந்தியாவில் 1955இல் தேசிய ஃபைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது இந்த மருந்தை ஊர் ஊராக எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் புழுக்குஞ்சு உள்ளவர்களுக்கு அவை சாகும்போது காய்ச்சல், தலைவலி, மயக்கம் வரும். மக்கள் வேண்டாமென்றார்கள். 1960களின் தொடக்கத்தில் மதிப்பீட்டுக் குழு உட்கார்ந்து பார்த்து, பொது மருந்தளிப்பைக் கைவிடச் சொன்னது. காரணமாகப் பதிவானது பக்கவிளைவும் மக்களின் ஒத்துழையாமையும். ஒத்துழையாமை! காந்தி கையில் எடுத்தால் அரசியல், கூலிக்காரர் கையில் எடுத்தால் அறியாமை. ஒரு நாள் மயக்கம் என்பது ஒரு நாள் கூலி. நோய் இருப்பதாகவே உணராத ஒருவர், உடம்பைக் கெடுக்கும் மருந்தை ஊர் நன்மைக்காக விழுங்கி, அன்றைய கூலியையும் இழக்க வேண்டும் என்பது ஒரு பேரம். பேரத்தில் எதிர்த்தரப்பு 'கட்டாது' என்று சொன்னது. அந்த மறுப்பைப் பங்கேற்பாக, திட்டத்தின்மீது வைக்கப்பட்ட விமர்சனமாக வாசித்திருக்க முடியும். வாசிக்கவில்லை. மக்களைச் சுற்றிக்கொண்டு போவது எப்படி என்று யோசித்தார்கள்.

அப்படி யோசித்ததில் கிடைத்தது உப்பு. சமையல் உப்பில் டி.இ.சி.யைக் கொஞ்சமாகக் கலந்து மாதக்கணக்கில் கொடுத்தால் ஒரேயடியாக மயக்கமும் வராது, யாரையும் கெஞ்சவும் வேண்டாம். 1967இல் ஃபிராங்க் ஹாக்கிங் (இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் அப்பா) பிரேசிலின் ரெசிஃபியில் நடத்திய சோதனையை எழுதினார். சீனா இந்த உப்பைப் பெருமளவில் பயன்படுத்தியது. 2007இல் அங்கே யானைக்கால் ஒழிந்ததாக அங்கீகாரமும் கிடைத்தது. நம் பக்கத்தில் 1980களில் காரைக்காலில் செய்து பார்த்தார்கள். இரத்தத்தில் புழுக்குஞ்சுகள் வெகுவாகக் குறைந்தன. மருத்துவக் கணக்கில் வெற்றி என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் மரக்காணத்திலிருந்து பார்க்கும்போது இந்த வெற்றி விசித்திரமாகத் தெரிகிறது. மருந்து கலப்பது ஆலையில். அது ஊருக்குப் போவது கடை வழியாக. உப்பு விளைகிற ஊரில் யார் கடையில் உப்பு வாங்குவார்கள்? அளத்திலிருந்து ஒரு கை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு வருவதுதான் பழக்கம். எல்லோரையும் எட்டக்கூடிய மருந்து, அதைச் சுமக்கும் பொருளை விளைவிப்பவரை மட்டும் எட்டாது. அயோடின் கலக்காத உப்பை உணவுக்கு விற்கக்கூடாதென்று 2006இல் மறுபடி தடை வந்தபோதும் இதே கதை. நுகர்வோரின் கழுத்து கணக்கில் இருந்தது, சின்ன அளத்துக்காரரின் சந்தையும் கைகளும் கணக்கில் இல்லை. நான் அயோடினுக்கு விரோதியல்ல. உப்பு பற்றி எடுத்த முடிவு எதிலும் உப்பு வாருகிறவரின் குரல் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன். நம் இலக்கியத்தில்கூட ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' மாதிரி விதிவிலக்காகத்தான் அவர்கள் வருகிறார்கள்.

1990களின் நடுவில் சக்கரம் திரும்பியது. வருஷத்துக்கு ஒரே வேளை மாத்திரை போதும் என்று ஆய்வுகள் காட்டின. 1996-97இல் ஏழு மாநிலங்களில் பதின்மூன்று மாவட்டங்களில் தொடங்கி, 2004இலிருந்து நாடு தழுவிய திட்டமாகியது. பெரியவர்களுக்கு டி.இ.சி. மூன்று மாத்திரை, பிற்பாடு அதோடு குடற்புழு மாத்திரை ஒன்று. நவம்பர் 11 தேசிய ஃபைலேரியா நாள். எங்கள் கடற்கரைக்கு நவம்பர் என்றால் என்ன? வடகிழக்குப் பருவமழை. அளமெல்லாம் தண்ணீர், வேலை கிடையாது, கையில் காசு கிடையாது. (மழைக்கால நிவாரணமாக 5000 ரூபாய் என்று தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது 2022இல்தான்.) மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது என்பது விதி. வருஷத்தில் அடுப்பு மிகக் குறைவாக எரிகிற மாதத்தில் வந்து 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டுக் கொடுக்கிற மாத்திரை அது.

"குடுத்தாங்க, வாங்கி வச்சிகினேன். நர்சம்மா பாவம், மழையில நனைஞ்சிகினு வந்திச்சி. வேணான்னு எப்பிடி சொல்றது?" இது பெரியம்மா. மறுக்கவும் இல்லை, முழுங்கவும் இல்லை. கணக்கில் அது 'பயனடைந்தவர்'. மாத்திரை விநியோகமானதற்கும் உள்ளே போனதற்கும் நடுவே இருந்த பெரிய இடைவெளியைப் புதுச்சேரியின் வி.சி.ஆர்.சி. ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே தமிழகத்தை வைத்து எழுதினார்கள். அதற்கு மருந்தாகக் கண்டுபிடிக்கப்பட்டது, கண்முன்னாலேயே முழுங்க வைப்பது. பங்கேற்பு இப்போது கண்காணிப்பாகிவிட்டது. இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். புழுக்குஞ்சு ராத்திரியில்தான் மேலோட்ட இரத்தத்துக்கு வரும், ஆகவே ஊசியும் ராத்திரியில் வரும். விடிவதற்கு முன் அளத்துக்கு எழுந்து போக வேண்டியவர்களைப் பத்து மணிக்குத் தட்டியெழுப்பி விரலில் குத்துவார்கள். முடிவு என்னவென்று மறுபடி வந்து சொன்னவர் யாரும் எங்கள் தெருவில் இல்லை.

இந்த இடத்தில் நம்மவர்கள் சிலர் குஷியாகிவிடுவார்கள். ஃபூக்கோவைப் படித்த வேகத்தில் மருத்துவம் முழுவதையும் அதிகாரத்தின் சூழ்ச்சியாகப் பார்த்துவிடும் வழக்கம் நமக்கு உண்டு. அந்தச் சொகுசு எனக்கில்லை. மாத்திரை வேலை செய்தது. எங்கள் தெருவில் இன்றைக்கு இருபது வயதுப் பிள்ளைகள் யாருக்கும் கால் வீங்கவில்லை. முழுங்கியவர்கள் முழுங்காத என் பெரியம்மாவின் பேரப் பிள்ளைகளையும் சேர்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் அதிகாரம், உடல் என்று மட்டும் பேசுவது நேர்மையாகாது. இலங்கை 2016இல் ஒழிப்பு அங்கீகாரம் பெற்றதையும் மறக்க வேண்டியதில்லை.

கேள்வி வேறு. 'ஒழிப்பு' என்று எதை எண்ணுகிறார்கள்? பரவல் நின்றதா என்பதை ஆறேழு வயதுக் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து முடிவு செய்கிறார்கள். பரவலை அளக்க அது சரியான வழிதான். 2010களில் தமிழக மாவட்டங்களில் ஒவ்வொன்றாக மாத்திரை நாள் நின்றது. ஆனால் ஏற்கனவே வீங்கிய கால் மாத்திரையால் வடியாது. உலகம் முழுக்க ஒன்றரைக் கோடிப் பேருக்குக் கைகால் வீக்கம், இரண்டரைக் கோடி ஆண்களுக்கு ஓதம் என்று உலக சுகாதார நிறுவனம் நெடுநாளாகச் சொல்லி வருகிறது. ஓதத்துக்கு எளிய அறுவை சிகிச்சை உண்டு, அதைக் கேட்பதற்குத்தான் ஆணுக்கு வாய் வராது. வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு முப்பது வருஷம் ஓட்டுவான். காலுக்குச் சொல்லப்படுவது 'சுய பராமரிப்பு': தினமும் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவு, விரலிடுக்கைத் துடை, புண்ணுக்குக் களிம்பு போடு, காலை உயர்த்தி வை. இதைத் தவறாமல் செய்தால் ஜுரங்கள் உண்மையிலேயே குறையும். வைத்தியத்தில் தப்பில்லை. ஆனால் 'சுய' என்கிற முன்னொட்டைப் பாருங்கள். இதுவரை மக்கள், சமூகம் என்று கூட்டாக அழைத்தவர்கள் நோய் வந்தபின் தனி ஆளாக்கிவிடுகிறார்கள். அளத்தில் நல்ல தண்ணீர் குடிப்பதற்கே குடத்தில் கொண்டுபோக வேண்டும். காலை உயர்த்தி வைப்பது எப்போது? வாரும்போதா, சுமக்கும்போதா?

தமிழக அரசு மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை ஏற்பாடு செய்ததும் நான்காம் நிலை வீக்கம் உள்ளவர்களுக்கு. மூன்றாம் நிலைக் கால் பாத்தி மிதிக்கத் தகுதியுள்ள கால் போலிருக்கிறது. நான்காவதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்பவருக்கு அரசின் கண்ணில் உருவமில்லை.

வேறு விதமாக நடந்த இடங்கள் இல்லையா? உண்டு. 1980களின் பிற்பகுதியில் கேரளத்தின் சேர்த்தலையில் இதே வி.சி.ஆர்.சி. வேறொரு வழியில் போனது. அங்கே நோயைப் பரப்புவது மான்சோனியா கொசு, அதன் புழு குளத்து ஆகாயத்தாமரையின் வேரில் ஒட்டிக்கொண்டு மூச்சுவிடும். செடியை அகற்றினால் கொசு இல்லை. ஆனால் கொசுவுக்காக யார் குளத்தில் இறங்குவார்? மீன் வளர்க்கலாம் என்றார்கள். குளம் சுத்தமானால் மீன், மீன் வந்தால் காசு. ஃபில்கோ என்ற பெயரில் ஓர் இயக்கமே உருவானது. மக்களின் காரணம் ஒன்று, விஞ்ஞானியின் காரணம் வேறொன்று, இரண்டும் ஒரே குளத்தில் சந்தித்தன. நான் பார்த்தவரை 'பங்கேற்பு' என்ற சொல்லுக்கு ஓரளவாவது பொருத்தமான சம்பவம் அது. அதே நிறுவனம் 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரில் கிணறு, சாக்கடை, கழிவுக்குழி என்று பார்த்துப் பார்த்துக் கொசுவை அடக்கிக் காட்டியது. திட்டம் முடிந்து விஞ்ஞானிகள் விலகியதும் கொசு திரும்பி வந்தது. நகரத்தின் வேலையாக அது மாறவில்லை, நிபுணர்களின் வேலையாகவே இருந்துவிட்டது.

சேர்த்தலைப் பக்கத்தில் நாராணத்துப் பிராந்தன் கதை எல்லோருக்கும் தெரியும். சுடுகாட்டில் காளி வரம் தருகிறேன் என்கிறாள். ஆயுளில் ஒரு நாள் கூட்டு என்றால் முடியாது, குறை என்றாலும் முடியாது. சரி, இந்தக் கால் மந்தை அந்தக் காலுக்கு மாற்று என்கிறான் பிராந்தன். அதை மட்டும் செய்துவிட்டுப் போகிறாள். யானைக்கால்காரன் சொன்ன கேலி இது, யானைக்கால்காரனைப் பற்றிய கேலி அல்ல. நம் வீதி நாடகங்களை நினைத்துக்கொள்கிறேன். துணி சுற்றிய காலை இழுத்துக்கொண்டு ஒருவர் வர, கூட்டம் சிரிக்க, பிறகு கொசு அரக்கன் வர, கடைசியில் 'மாத்திரை சாப்பிடுவோம்' என்று கோரஸ். கூட்டத்தின் ஓரத்தில் புடவையைத் தழைத்துக் கட்டிக்கொண்டு நின்ற பெண்கள் சத்தமில்லாமல் விலகிப் போனதை நாம் பார்க்கவில்லை. அந்தக் கோரஸில் என் குரலும் இருந்தது.

பெரியம்மா பிற்காலத்தில் ஒன்று செய்துகொண்டிருந்தது. அளத்துக்குப் போகும்போது குடிக்கிற தண்ணீர் போக இன்னொரு சின்னக் குடம் எடுத்துப்போகும். கரையேறினதும் காலைக் கழுவி, பழைய வேட்டித் துணியால் விரலிடுக்கில் ஒற்றி, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டுதான் வீட்டுக்கு நடக்கும். எந்த முகாமிலும் சொல்லிக் கொடுத்ததல்ல, ஜுரம் குறைகிறதென்று அதுவே கண்டது. வீங்காத கால்காரிகளும் வெடிப்புக்கு நல்லதென்று அந்தக் குடத்தில் பங்கு கேட்டார்கள். ஒரு மேஸ்திரி, குடிக்கத் தண்ணி இல்லாத இடத்தில் கால் கழுவ ஒரு குடமா என்று சத்தம் போட்டான். அப்புறம் ஆளுக்கொரு நாள் முறை வைத்துக்கொண்டு கொண்டுபோனார்கள்.

அளத்துக்கரையில் நல்ல தண்ணீர்க் குழாய், ஜுர நாளுக்கு அரைக் கூலியாவது, ஓதத்துக்கு ஊர்ப் பெயர் வெளியே வராமல் அறுவை செய்துகொள்ள ஓர் ஏற்பாடு, மூன்றாம் நிலைக் காலுக்கும் உதவித்தொகை. பக்கத்து ஊராட்சிகளில் கிராமசபை கூடும் நாட்களில் மே 1ஆம் ஒன்று. அளத்தில் உச்ச வேலை நடக்கிற சமயம் அது, பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் என்றால் அளத்துப் பெண்கள் யாரும் வர முடியாது. சாயங்காலம் வைக்கச் சொல்லி முதலில் ஒரு மனு எழுத வேண்டும்.